பேனாவும் கத்தியும் ஒரே பிடியில்: மடக்கெழுத்தாணியின் கதை

துருப்பிடிச்ச பழைய மடக்குக் கத்தி ஒண்ணை அக்குவேறு ஆணிவேறா கழற்றி, தேய்ச்சு, கண்ணாடி மாதிரி ஆக்கிக் காட்டுற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. ராத்திரி தூக்கம் வரலைன்னா நான் பார்க்கிறதே அதுதான். இன்னைக்கு அந்தக் கழற்றுற ஆசையைப் பத்தித்தான் பேசப் போறோம். ஆனா நம்ம கத்தி வேற. தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகளில் தாத்தாவோட டிரங்குப் பெட்டி அடியில் கிடைக்கக்கூடியது. பார்த்தா பாக்கெட் கத்தி மாதிரியே இருக்கும். ஒரு பக்கம் விரிச்சா சின்னக் கத்தி. மறுபக்கம் விரிச்சா கூரான ஆணி. இதுக்குப் பேர் மடக்கெழுத்தாணி.

இதைப் பத்தி நமக்குத் தெளிவா எழுதி வச்சுட்டுப் போனவர் உ.வே.சாமிநாதையர். 1855-ல் பிறந்தவர். பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கிற உத்தமதானபுரம் அவர் ஊர். ஓலையில் எழுதப் பழகிய கடைசித் தலைமுறைகளில் ஒருவர். 1940-லிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் சரித்திரம்' நூலில் எழுத்தாணி வகைகளை ஒவ்வொன்றாக விவரிக்கிறார். தலையில் கனமான கொண்டை வச்சது குண்டெழுத்தாணி. கொண்டைக்குப் பதிலாகச் சின்னக் கத்தி இருந்தா வாரெழுத்தாணி. கத்தி, ஆணி இரண்டையும் மடக்கிக் கைப்பிடிக்குள் அடக்கிடலாம் என்றால் அது மடக்கெழுத்தாணி. பிடி மரம், தந்தம், மாட்டுக்கொம்பு என்று வசதிக்கேற்ப இருக்கும்.

எழுதுறவனுக்குக் கத்தி எதுக்கு? இதே கேள்வியை ஐரோப்பாவில் கேட்டா பதில் வேற. அங்கே பறவை இறகில் எழுதினாங்க. இறகு முனை தேயத் தேய அதைச் சீவணும். அதுக்கு வச்சிருந்த சின்னக் கத்திதான் பேனாக்கத்தி. பேனா போயும் பேர் நின்னுடுச்சு. நம்ம ஊரில் எழுத்தாணி இரும்பு. அதைச் சீவ வேண்டியதில்லை, கல்லில் தீட்டினா போதும். கத்தி தேவைப்பட்டது ஓலைக்கு. பச்சைப் பனையோலையை ஈர்க்கிலிருந்து பிரிக்கணும், ஓரத்தை வாரணும், ஒரே அளவா நறுக்கணும். அவங்க கத்தி பேனாவுக்கு, நம்ம கத்தி தாளுக்கு. அதனால்தான் இங்கே பேனாவும் கத்தியும் ஒரே பிடிக்குள் குடித்தனம் பண்ணுது.

சரி, மடக்குவானேன்? மடக்குக் கத்தி என்கிற யோசனை ரொம்பப் பழசு. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட்டில் கிடைச்ச ஒன்றுக்கு வயசு ஏறக்குறைய 2,500. காரணம் எல்லா ஊருக்கும் பொதுவானது: கூரான முனையை இடுப்பில் செருகிட்டு நடக்க முடியாது. காவிரிக் கரையில் எழுத்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கவும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடம், கோயில் கணக்கு, களத்துமேட்டில் நெல் அளக்கும்போது கலம், மரக்கால் கணக்கு என்று ஊர் முழுக்க அலைஞ்சுது. திருவாவடுதுறை மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார், மாணவர்கள் ஓலையில் எழுதிக்கொண்டே வருவாங்க. இடது கையில் ஓலை, அந்தக் கைக் கட்டைவிரலில் எழுத்தாணிக்கு ஒரு தாங்கல். அவர் 1876-ல் மறைஞ்சார். அவரிடம் படிச்ச உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். ஓலையில் தொடங்கி அச்சுக்கு வந்து சேர்ந்த ஒரே வாழ்க்கை, பாருங்க.

அதுக்கப்புறம் ஓலைக்கு ஓரளவு காவல் கிடைச்சுது. சரபோஜி மன்னர் வளர்த்த சரஸ்வதி மகால் நூலகம் தஞ்சாவூரில் இன்னும் சுவடிகளைப் பாதுகாக்குது. அங்கே சேராத எத்தனையோ சுவடிகள் ஆடிப்பெருக்கில் ஆத்தோட போச்சு, அது பெரிய சோகம்தான். எழுத்தாணிக்கு யாரும் அழலை. அருங்காட்சியகங்களில் சிலது இருக்கு. மிச்சம் பழைய இரும்புக்கடைக்குப் போயிருக்கும், இல்லைன்னா உங்க வீட்டுப் பரணில் இருக்கும்.

இப்போ நம்ம வீடியோவுக்கு வருவோம். இன்னைக்கு ஆன்லைனில் வாங்குற மடக்குக் கத்திகள் பலதும் திருகு போட்டவை. நட்சத்திர வாய் வச்ச டார்க்ஸ் திருகு வந்ததே 1967-ல்தான். அந்த மாதிரிக் கத்தியை வீட்டிலேயே கழற்றலாம். ஒவ்வொரு படியிலும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, வாஷர் எந்தப் பக்கம் இருந்ததுன்னு அப்புறம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனா 1891-லிருந்து வர்ற சுவிஸ் ராணுவக் கத்தி அப்படி இல்லை. அது ரிவிட் அடிச்சது. வெதுவெதுப்பான தண்ணியில் திறந்து மூடி அலசி, காய வச்சு, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான்.

தாத்தா பெட்டியில் கிடைச்சதும் ரிவிட் வகையாத்தான் இருக்கும். ஆணியை ஊடுருவ அடிச்சு, இரு முனையையும் தட்டிப் பரப்பியிருப்பாங்க. அதைக் கழற்றணும்னா தலையை அராவியோ துளைச்சோ அழிக்கணும். புது ஆணி அடிக்கும்போது நூறு வருஷத் தந்தமோ கொம்போ விரிசல் விட்டுடும். அதனால் கழற்றாதீங்க. அலசவும் செய்யாதீங்க, பழைய மரமும் கொம்பும் தந்தமும் தண்ணியைத் தாங்காது. கைப்பிடிப் பள்ளத்தில் இருக்கிற அழுக்கைக் காய்ந்த மரக்குச்சியால் மெதுவா நெம்பி எடுங்க. அந்தக் கரியில் ஒரு பங்கு ஓலைக்கு மையாடின விரலிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். மூட்டில் ஊசி முனையளவு தையல் மிஷின் எண்ணெய் வச்சு ஒரு ராத்திரி விடுங்க. பிடியில் வழிஞ்சா கறை பிடிக்கும், கவனம். காலையில் அசையலைன்னா அசைக்காதீங்க.

பித்தளை விளக்கு தேய்க்கிற பழக்கத்தில் புளி போட்டுடாதீங்க. புளியும் வினிகரும் துருவோட இரும்பையும் சேர்த்துத் தின்னும். உப்புத்தாளும் வேண்டாம், பிடியிலோ இரும்பிலோ ஏதாவது எழுத்து வெட்டியிருந்தா அதுதான் முதலில் போகும். பொடிப்பொடியா உதிர்ற செம்மண் நிறத் துருவை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்க. கெட்டியா ஒட்டியிருக்கிற கருப்பு இருக்கட்டும், அது இரும்புக்கு ஒரு போர்வை.

பிடி தந்தமா இருந்தா விற்கிற யோசனையே வேண்டாம். இந்தியாவில் தந்த வியாபாரத்துக்குத் தடை இருக்கு.

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் சும்மா விடாது. தோல் பை, ரப்பர் பேண்ட், பிளாஸ்டிக் கவர் எதுவும் வேண்டாம். பருத்தித் துணியில் சுத்தி வைங்க, ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்க. கூடவே ஒரு சீட்டு: யாருடையது, எந்த ஊர், அவர் என்ன எழுதினார். பாட்டிகிட்டக் கேட்டு இந்த வாரமே எழுதி வச்சிடுங்க. பென்சில்லயே எழுதுங்க. பேனா மை துணிக்கு ஏறும்.