மழை காணாத ஓடு

‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்ற பழமொழிக்கு ஏறக்குறைய வயது சொல்லிவிடலாம். அமீனா என்பவர் ஜப்தி செய்ய வரும் கோர்ட்டுச் சேவகர்; அரபியில் பிறந்து அரசாங்க நிர்வாகத்தின் வழியே தமிழுக்கு வந்த சொல் அது. ஆகவே இன்றைய வடிவில் அது சங்க காலத்துச் சரக்காக இருக்க முடியாது. கல்லாமை, முயலாமை என்று பிரித்து மேடையில் சமாதானம் சொல்வது அதற்கும் பிந்திய சாமர்த்தியம். புலனடக்கத்துக்கு வள்ளுவர் ஆமையை உவமை காட்டினார். பெருமாளுக்கு அது அவதாரம். இருந்தும் வாசற்படிக்கு உள்ளே அதற்கு இடம் தரத் தமிழ்நாட்டு வீடுகள் தயங்கின. ஆமை வைத்தால் செல்வம் சேரும் என்ற நம்பிக்கை, வாஸ்து, ஃபெங் சுயி கடைகளோடு அண்மையில் பரவியது. ராஜபாளையம் நாயைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துத் தேர்ந்த விருதுநகர்ச் சீமையிலும் ஆமைக்கு அப்படியொரு கைப்பக்குவம் உருவாகவில்லை. அந்த வெற்றிடத்தை ஓர் ஊகம் நிரப்பியது: வறண்ட நாட்டுப் பிராணி, காய்ந்த இடத்தில் வைத்தால் போதும். ஊகம் தவறு என்பதற்கு வளர்ப்பு ஆமையின் ஓடே சாட்சி.

வறட்சி என்றால் என்ன என்று சிவகாசியைக் கேட்கலாம். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அது இங்கே வேரூன்றி, பட்டாசும் அச்சும் பின்தொடர்ந்ததற்குக் காய்ந்த காற்றும் ஒரு காரணம். குச்சியும் மருந்தும் தாளும் ஈரத்துக்குப் பகை. ஆனால் இந்தக் கரிசல் பூமிக்கும் ஐப்பசி, கார்த்திகை உண்டு. பட்டாசு ஆலைகள் அஞ்சும் அந்த மழைக்குத்தான் தென்னிந்தியப் புதர்க்காட்டு நட்சத்திர ஆமை காத்திருக்கிறது. கோடையில் புல்லடியிலும் புதர் நிழலிலும் ஒடுங்கிக் கிடக்கும். மழை விழுந்து தளிர் வந்ததும் நடமாடும், மேயும், வளரும். காய்ந்த நாட்டில் அது வாழ்கிறது என்பது மெய். ஆண்டு முழுவதும் காய்ந்து கிடக்கிறது என்பது பொய். ஓடுபாவிய தரை, ஓயாமல் சுழலும் மின்விசிறி, தினமும் ஒரே தீனி என்றிருக்கும் வீட்டில் மட்டுமே பருவமில்லாத வளர்ச்சி நடக்கிறது.

அதன் விளைவு ஒவ்வொரு தகடும் கூம்பாகப் புடைப்பது. 2003-இல் வெளியான வியன்னா ஆய்வு ஒன்றில், ஆப்பிரிக்க சல்கேட்டா ஆமைக் குஞ்சுகள் ஐம்பதை ஐந்து மாதம் வெவ்வேறு ஈரப்பதத்தில் வளர்த்தார்கள். காய்ந்த காற்றில் வளர்ந்தவற்றின் ஓடு அதிகம் புடைத்தது. பெருங்குற்றவாளியாகக் கருதப்பட்ட புரதத்தின் பங்கு சிறிதாகவே தெரிந்தது. விளிம்பில் புதிதாக ஊறும் தகடு ஈரமின்றி முன்கூட்டியே இறுகுவதால் வளர்ச்சி திசைமாறுகிறது என்று விளக்குகிறார்கள். நட்சத்திர ஆமைக்கு இயல்பிலேயே மேடுகள் உண்டே என்று கேட்கலாம். உண்டுதான், காட்டு ஆமை சிலவற்றில் கூட அவை தெளிவாகவே தெரியும். ஆனால் வளர்ப்பில் காணும் செங்குத்தான கூம்பையும் ஆழ்ந்த பள்ளத்தையும் அந்த இயல்பின் கணக்கில் எழுத முடியாது. ஓடு மெத்தென்று அமுங்கினால் அது வேறு நோய்: சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் குறைந்ததன் பலன். ஈரம் அதைத் தீர்க்காது.

அப்படியானால் வீட்டு நட்சத்திர ஆமைக்கு ஈரம் காட்டினால் போதுமா? போதாது, சட்டமே இடம் தரவில்லை. 1972-இன் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் நான்காம் அட்டவணையில் இருந்த அது, 2022 திருத்தத்தில் முதல் அட்டவணைக்கு ஏறியது. 2019 ஜெனிவா மாநாட்டில் சைட்டிஸ் உடன்படிக்கையும் அதைத் தன் முதல் பட்டியலில் சேர்த்து, வணிக நோக்கிலான பன்னாட்டு விற்பனைக்குக் கதவடைத்தது. கையில் இருப்பதை வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி. பராமரிப்புப் பேச்சு அதனால் வீணாகிவிடாது: மீட்பு மையங்களுக்கு அது தேவை; வெளிநாட்டு ஆமைகளை 2024 விதிகளின்படி பதிவு செய்து வளர்ப்பவர்களுக்கும் தேவை. குஞ்சுக்கு ஈரமண் மறைவிடம், ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு, புல்லும் கீரையும், காலை வெயில். ஏறிய கூம்பு இவற்றால் இறங்காது. இனி விளிம்பில் வளரும் வளையங்கள் மட்டும் சமமாக வரக்கூடும்.