தமிழகத்தில் மனு: வேண்டுதலிலிருந்து உரிமை வரை

நாட்டு நடப்பைப் பற்றியும் தன் ஊர்க் குறையைப் பற்றியும் ஒரு குடிமகன் நினைப்பதை எழுத்தாக்கி ஆட்சியிடம் சேர்க்கும் காகிதத்துக்கு மனு என்று பெயர். விண்ணப்பம், அர்ஜி, மகஜர், பெட்டிஷன் என்று காலத்துக்குக் காலம் அதற்கு வேறு பெயர்களும் வழங்கின. இவற்றுள் மிகப் பழையது விண்ணப்பம். பல்லவர், பாண்டியர் செப்பேடுகளில் இச்சொல் இடம்பெறுகிறது. இன்னார் விண்ணப்பம் செய்ததன் பேரில் இந்தக் கொடை அளிக்கப்பட்டது என்றும், அதை நிறைவேற்றிய ஆணத்தி இன்னார் என்றும் அவை பதிவு செய்கின்றன. அப்படி விண்ணப்பித்தவர்கள் பெரும்பாலும் அமைச்சர்கள், படைத்தலைவர்கள், சிற்றரசர்கள். அரசனை நெருங்க முடிந்தவர்களின் குரல்தான் செப்பேட்டில் ஏறியது.

இதற்கு ஒரு விலக்காக நிற்பது வேள்விக்குடிச் செப்பேடு. 8ஆம் நூற்றாண்டில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் மதுரையில் உலா வந்தபோது ஒருவர் எதிரே வந்து ஓலமிட்டார். தம் முன்னோருக்கு முதுகுடுமிப் பெருவழுதி அளித்த வேள்விக்குடி என்ற ஊர் களப்பிரர் காலத்தில் பறிபோனது என்பது அவர் முறையீடு. ஊர் பழைய கொடைதான் என்பதை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பித்துப் பெற்றுக்கொள் என்றான் அரசன். அவர் மெய்ப்பித்தார், ஊர் திரும்பக் கிடைத்தது. முறையீடு, சான்று, ஆணை என்ற வரிசை அன்றே உருவாகிவிட்டது. இன்று வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா கேட்டு நிற்பவரும் இதே வரிசையில்தான் நகர்கிறார். முறையிட்டவர் கல்வியும் குடிப்பெருமையும் உள்ள அந்தணர் என்பதையும் சேர்த்தே இந்த நிகழ்ச்சியைப் படிக்க வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் மனு என்பது கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகத்தின் அன்றாட வேலையாயிற்று. தாமஸ் மன்றோ நிலைநாட்டிய ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு உழவரும் அரசுக்கு நேரடியாகத் தீர்வை செலுத்தினார். விளைச்சல் பொய்த்த ஆண்டில் தள்ளுபடி கேட்கவும், கூடுதலாகப் போட்ட தீர்வையைக் குறைக்கக் கேட்கவும் மனுவைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. ஆண்டுதோறும் ஊர்க்கணக்கை முடிக்கும் ஜமாபந்தி மனுக்களின் காலமாக ஆனது. வட்டாட்சியர் அலுவலகங்களில் பசலி ஆண்டு முடியும் கோடையில் ஜமாபந்தி இன்றும் நடக்கிறது, மனுவும் வாங்கப்படுகிறது.

அக்கால அமைப்பிலேயே ஒரு பெருங்கேடு இருந்தது. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள் வரி வசூலையும் காவல் அதிகாரத்தையும் ஒரே கையில் கொடுத்தன. தீர்வை வசூலிக்கும் தாசில்தாரே காவல் தலைவராகவும் இருந்தார். தாசில்தார் மீது மேலே கொடுத்த மனு, விசாரணைக்கென்று அதே தாசில்தாரின் மேசைக்குத் திரும்பி வரும். மனு கொடுத்தவரின் நிலை அதன் பிறகு என்னவாகும் என்பதை ஊரே அறிந்திருந்தது.

தனிமனிதர் குறையாக இருந்த மனுவைப் பொதுக் கருத்தாக மாற்றியவர் சென்னை வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டி. 1844இல் அவர் 'கிரசென்ட்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். 1852இல் அவர் முயற்சியால் சென்னை சுதேசி சங்கம் பிறந்தது. கல்கத்தாவின் பிரிட்டிஷ் இந்திய சங்கத்தின் கிளையாகத் தொடங்கிச் சில மாதங்களிலேயே தனிச் சங்கமானது. கம்பெனியின் பட்டயம் 1853இல் புதுப்பிக்கப்பட இருந்த நேரம் அது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குச் சங்கம் நீண்டதொரு மனு அனுப்பியது.

குடிமக்களின் கருத்து எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு அந்த மனுவை முன்மாதிரியாகவே காட்டலாம். நிலவரியின் சுமை, நீதிமன்றங்களின் தாமதமும் செலவும், ஏரி கால்வாய் சாலைப் பணிகளின் புறக்கணிப்பு, பள்ளிகளின் குறைவு என்று ஒவ்வொன்றாக அது எடுத்துரைத்தது. மோதர்பா என்ற தொழில்வரியைப் பற்றிய பகுதி உருக்கமானது. நெசவாளரும் தச்சரும் தம் கருவிகளுக்கே வரி கட்டினர். தெருவோரத்தில் அற்பப் பொருள் விற்றவரும் விற்பதற்காக வரி கட்டினார். வரியின் தொகை சிறிது. அதை வசூலிக்க வருபவனின் தொல்லை பெரிது. வரி வசூலிக்க மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுதான் லண்டனை அதிரவைத்தது.

இந்திய சீர்திருத்தச் சங்கத் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான டான்பி சீமோர் 1853இல் சென்னைக்கு வந்து லட்சுமிநரசு செட்டியுடன் மாவட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். 1854 ஜூலையில் பிரிட்டிஷ் மக்களவையில் இந்தக் குற்றச்சாட்டு எழுந்தது. மறுப்புகளும் வந்தன. ஆயினும் அதே ஆண்டில் எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட சித்திரவதை விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

குழு முன் குவிந்த புகார்கள் 1,959. நேரில் வந்து சொன்னவர்கள் 519 பேர்; எஞ்சிய 1,440 புகார்கள் எழுத்தில் வந்தவை. ரயில் இல்லாத காலத்தில், குறுகிய தவணைக்குள், நெடுந்தொலைவு நடந்து சென்னைக்கு வந்து சாட்சி சொன்ன உழவர்களின் துணிவை இந்த 519 என்ற எண் காட்டுகிறது. ஊர் திரும்பினால் அதே தாசில்தாரின் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று தெரிந்தே அவர்கள் வந்தார்கள்.

அவர்கள் விவரித்த கொடுமைகளில் இரண்டு திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று கிட்டி. ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரு கட்டைகளுக்கு இடையே விரல்களையோ கையையோ வைத்து நெருக்குவது. மற்றொன்று அண்ணாந்தாள். கழுத்தில் கட்டிய கயிற்றைக் கால் பெருவிரலோடு இழுத்துக் கட்டி, குனிந்த நிலையில் வெயிலில் நிறுத்துவது. முதுகில் கல்லை ஏற்றுவதும் உண்டு. பல புகார்களில் பாக்கி சில ரூபாய்தான். சிலவற்றில் அணாக் கணக்கு.

1855இல் வெளியான அறிக்கை, வரி வசூலிலும் காவல் விசாரணையிலும் சித்திரவதை நடப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டது. வெள்ளை அதிகாரிகளைக் குற்றத்திலிருந்து விடுவித்து, பழியைச் சுதேசி சிப்பந்திகள் மேல் ஏற்றியது. அந்தத் தீர்ப்பு நேர்மையானதன்று. தீர்வையின் அளவை நிர்ணயித்ததும், வசூல் குறையக் கூடாது என்று நெருக்கியதும் மேலிடம்தான். கார்ல் மார்க்ஸ் 1857இல் 'நியூயார்க் டெய்லி டிரிப்யூன்' இதழில் இந்த அறிக்கையை எடுத்துக்காட்டி எழுதியபோது இதையே சுட்டினார். அறிக்கையால் விளைந்த நன்மையும் உண்டு. 1859ஆம் ஆண்டின் காவல் சட்டம் சென்னை மாகாணத்தில் காவலை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனித் துறையாக்கியது. ஒரு மனுவில் தொடங்கிய முறையீடு ஏழே ஆண்டுகளில் ஆட்சி அமைப்பையே மாற்றிக் காட்டியது.

கம்பெனி ஆட்சியை நீக்கி அரசியின் நேரடி ஆட்சியைக் கொண்டுவரக் கோரிச் சங்கம் அனுப்பிய மற்றொரு மனுவில் 14,000 பேர் கையெழுத்திட்டனர். லட்சுமிநரசு செட்டி தம் செல்வத்தைப் பொதுப்பணியில் கரைத்து 1868இல் வறியவராக மறைந்தார். அவரோடு சங்கமும் மங்கியது. சென்னையின் பொதுவாழ்வுக்கு அடித்தளமிட்ட இவரை இன்றைய தலைமுறை ஏறக்குறைய மறந்தேவிட்டது.

இச்சங்கத்தின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. அதை நடத்தியவர்கள் நகரத்து வணிகரும் சொத்துடையோரும். மதம் மாறியவருக்கும் குடும்பச் சொத்தில் பங்குண்டு என்ற 1850ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்களும் இதே வட்டத்தினர்தான். நிலமற்ற கூலியாளின் குரல் அவர்கள் மனுக்களில் இல்லை.

அந்தக் குரல் நுழைய இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. தரிசு நிலம் கேட்டுக் கொடுக்கும் மனுவுக்குத் தர்க்காஸ்து என்று பெயர். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்களில் ஒருவர் தர்க்காஸ்து கொடுத்தால், மிராசுதார்களுக்கே முன்னுரிமை என்ற விதி குறுக்கே நின்றது. சட்டம் யாருக்கும் மனு கொடுக்க இடமளித்தது. நிலத்தை மட்டும் மிராசுதாருக்கு அளித்தது. இதையும் சேரிகளின் நிலையையும் விரிவாக எழுதி 1891இல் அறிக்கை தந்தவர் ஆட்சியர் டிரெமன்ஹீர். அதன் விளைவாக வந்த 1892 செப்டம்பர் 30 அரசாணையே ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்கு வித்து. அதே 1891இல் அயோத்திதாசர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டிக் கோரிக்கைத் தீர்மானங்களை நிறைவேற்றினார்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் அவர் திரட்டிய மனு தனி வரலாறு. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டும் என்பது காங்கிரசின் கோரிக்கை. அப்படி நடந்தால் சாதி இந்துக்களே அதிகாரிகளாகி ஒடுக்கப்பட்டோரை மேலும் நசுக்குவார்கள் என்று சீனிவாசன் எதிர்த்தார். டிசம்பரில் சென்னை வெஸ்லி மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீள மனுவை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். கையெழுத்துகளை ஒட்டி ஒட்டி நீண்ட அந்தக் காகிதச் சுருளை விரித்துப் போட்டால் ஒரு தெருவின் பாதியை மூடும். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களின் சுருள் அது. நாட்டின் குரல் ஒன்றே என்று தலைவர்கள் பேசிய காலத்தில், நாட்டுக்குள் வேறொரு கருத்தும் இருக்கிறது என்பதை அது அளந்து காட்டியது.

இதற்கு இடைப்பட்ட காலத்தில் பத்திரிகைகள் வளர்ந்திருந்தன. முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக்கப்பட்டதை வெள்ளையர் இதழ்கள் தாக்கியபோது பதிலளிக்கத் துடித்த ஆறு இளைஞர்கள் 1878 செப்டம்பர் 20இல் 80 படிகள் அச்சிட்டு 'தி ஹிந்து'வைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் 'சுதேசமித்திர'னைத் தமிழில் தொடங்கினார். 1884இல் சென்னை மகாஜன சபை உருவானது. மேல்நோக்கி அனுப்பப்பட்ட கருத்து, பத்திரிகை வழியாகச் சக குடிமக்களிடமும் சென்றது.

பெண்கள் மனுவோடு வந்தது 1917இல். அடையாற்றில் அந்த ஆண்டு தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால், சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு டிசம்பர் 18 அன்று சென்னையில் இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. சீர்திருத்த அறிக்கை அதைக் கண்டுகொள்ளவில்லை. 1921இல் சென்னை சட்டமன்றமே, சொத்துடைய பெண்களுக்கு மட்டும் என்ற வரம்போடு, அதை வழங்கியது. முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்க முனைந்தபோது, தேவதாசிகள் பலர் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு எதிர் மனு கொடுத்தனர். தங்களைப் பற்றிய சட்டத்தில் தங்களையும் கேட்க வேண்டும் என்ற அவர்களின் நியாயம் மதிக்கப்பட வேண்டியது. 1947இல் வந்த ஒழிப்புச் சட்டத்தின் நியாயமும் அப்படியே.

விடுதலைக்குப் பிறகு மனுவுக்குப் புதிய நாட்களும் இடங்களும் குறிக்கப்பட்டன. திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள், ஆட்சியரே ஒரு கிராமத்துக்குச் செல்லும் மனுநீதி நாள், முதலமைச்சரின் தனிப்பிரிவு. திங்கள் காலை அலுவலக வாசல் மரத்தடியில் ஒருவர் வெள்ளைத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். எதிரே முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி. "சொல்லுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டே அவர் அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா என்று எழுதுவார். அடியில் கைநாட்டு, கூடவே குடும்ப அட்டை, ஆதார் நகல்கள். உள்ளே வரிசை, பதிவு எண், ஒப்புகைச் சீட்டு. காலிக்குடங்களோடு வருபவர்களும், முன்பு கொடுத்த மனுக்களை மாலையாகக் கோத்து அணிந்து வருபவர்களும் உண்டு.

வாங்கிய மனு எங்கே போகிறது என்பதே 1855 முதல் தீராத கேள்வி. பெரும்பாலும் அது சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு, அதாவது புகாருக்கு உள்ளான இடத்துக்கே, நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது. 2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் தீர்வு காணாத ஒரு தொழிலாளி, மனைவியோடும் இரு சிறு பெண் குழந்தைகளோடும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தார். நால்வரும் இறந்தனர். குறைதீர்க்கும் நாளில் நுழைவாயிலில் போலீசார் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று மக்களின் பைகளைச் சோதிக்கும் காட்சி அதன்பின் மாநிலமெங்கும் வழக்கமாயிற்று. முந்தைய மனுக்களின் கதி என்ன என்று கேட்கும் சோதனையும் அதே கண்டிப்போடு நடந்திருக்க வேண்டும்.

மனுவின் தன்மையையே மாற்றியது தகவல் உரிமைச் சட்டம். இந்திய மாநிலங்களில் முதலாவதாகத் தமிழ்நாடு 1997இல் இப்படியொரு சட்டம் இயற்றியது. விலக்குகள் மலிந்திருந்ததால் அதற்கு வலுவில்லை. 2005 அக்டோபர் 12 முதல் மத்தியச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவருக்கு அதுவும் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தான் கொடுத்த மனு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதையே இச்சட்டத்தின் கீழ் ஒருவர் கேட்கலாம், கேட்கிறார்கள். ஏன் கேட்கிறாய் என்று அலுவலர் காரணம் கேட்கக் கூடாது என்கிறது அதன் 6ஆம் பிரிவு. எழுத இயலாதவர் வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது.