கேஸ் பேப்பர் எடுக்காதவர்கள்: மும்பையில் மக்கள் பிரதிநிதிகளின் மருத்துவ வசதி, 1943–2024

2024 ஏப்ரல் இறுதியில், பாண்டுப்பில் மும்பை மாநகராட்சி நடத்தும் சுஷ்மா சுவராஜ் மகப்பேறு மருத்துவமனையில் மின்சாரம் தடைபட்ட நேரத்தில் ஒரு பெண்ணுக்கு சிசேரியன் நடந்தது. கைபேசி டார்ச் வெளிச்சத்தில்தான் அறுவை நடந்தது என்று குடும்பத்தார் குற்றம்சாட்டினர். தாயும் சேயும் இறந்தார்கள். வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், அதே பாண்டுப்பின் சாவித்ரிபாய் புலே மாநகராட்சி மகப்பேறு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த பச்சிளங்குழந்தைகள் நான்கு, சில நாட்களுக்குள் கிருமித்தொற்றால் இறந்தன. அப்போது சட்டமன்றம் மும்பையிலேயே கூடியிருந்ததால் விஷயம் உடனே அவையில் எழுந்தது. விசாரணையும் நடவடிக்கையும் அறிவிக்கப்பட்டன.

அவையில் கோபப்பட்டவர்கள் உண்மையாகவே கோபப்பட்டார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அவையின் உறுப்பினர் எவரும் தம் வீட்டுப் பிரசவத்துக்காக மாநகராட்சி மருத்துவமனையின் ஜன்னலில் வரிசையில் நின்று பத்து ரூபாய் கொடுத்து கேஸ் பேப்பர் என்னும் பதிவுச் சீட்டை எடுக்க வேண்டிய நிலையில் இல்லை. சட்டம் இயற்றுபவரும் அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்பவரும் இரண்டு மருத்துவ ஏற்பாடுகளுக்குள் எப்போது பிரிந்தார்கள், அந்தப் பிரிவு ஏன் இன்றுவரை நிலைக்கிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். யாரோ ஓர் இரவில் திட்டமிட்டுச் செய்த சதி அல்ல அது. துண்டு துண்டாகச் சேர்ந்தது. அதனாலேயே கலைப்பது கடினமாக இருக்கிறது.

1943 முதல் 1954 வரை

1943இல் இரண்டு பணிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொடங்கின. சர் ஜோசப் போர் தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு ஒன்று, சென்னையின் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் அதில் உறுப்பினர். தொழிலாளருக்கான நோய்க்காப்பீடு பற்றி ஆராய நியமிக்கப்பட்ட பேராசிரியர் பி.பி. அதார்கரின் பணி மற்றொன்று. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை அன்று பார்த்துவந்தவர் பம்பாய்க்காரரான அம்பேத்கர்.

அதார்கர் 1944இலும் போர் குழு 1946இலும் அறிக்கை கொடுத்தனர். பணம் கொடுக்க முடியவில்லை என்ற காரணத்தால் எவருக்கும் போதிய மருத்துவம் கிடைக்காமல் போகக் கூடாது என்பது போர் குழுவின் அடிப்படை. அதன் கணக்கில் தொழிலாளி, அதிகாரி, உறுப்பினர் என்ற வகைப்பாடே இல்லை. அரசுச் செலவில் எல்லோருக்கும் ஒரே சேவை என்றது. அதே காலத்தில் பிரிட்டன் அந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்தது. 1948 ஜூலையில் அங்கே தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது நாடாளுமன்ற உறுப்பினரும் சுரங்கத் தொழிலாளியும் ஒரே மாதிரி ஒரு மருத்துவரிடம் பெயரைப் பதிந்துகொண்டார்கள்.

இந்தியாவில் முதலில் சட்டமானது அதார்கரின் வழி. 1948இன் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், நாம் ஈ.எஸ்.ஐ. என்று சொல்வது, மாதம் 400 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளக்காரருக்கு மட்டும். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது; 1954இல் பம்பாய்க்கு வந்தது. பண நெருக்கடியில் எங்கிருந்தாவது தொடங்கியாக வேண்டும், சந்தா பிடிக்கத் தோதான இடம் ஆலைதான். அந்த முடிவை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவம் என்பது குடிமகனுக்கு உரியது என்ற எண்ணம் அங்கே கைவிடப்பட்டு, வேலைக்கு உரியது என்றானது.

1954 இந்த வரலாற்றின் முக்கிய ஆண்டு. பம்பாயில் தொழிலாளி ஈ.எஸ்.ஐ. அட்டை வாங்கத் தொடங்கிய அதே ஆண்டில் மத்திய அரசு ஊழியருக்கான சுகாதாரத் திட்டம், சி.ஜி.எச்.எஸ்., டெல்லியில் தொடங்கியது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம், படிகள் பற்றிய சட்டமும் 1954இல்தான் நிறைவேறியது. உறுப்பினரின் மருத்துவ வசதி அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்து, ஊழியர் திட்டத்தோடு இணைந்தது. வாக்களித்த தொழிலாளியோடு நிற்காமல், தமக்குக் கோப்பு கொண்டுவரும் அதிகாரியோடு உறுப்பினர் போய் நின்றார். பம்பாய் மாநிலம் தன் சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளம், படிகளுக்கான சட்டத்தை 1956இல் இயற்றியது. இன்றைய மகாராஷ்டிரத்துக்கும் அதுவே அடிப்படை. சி.ஜி.எச்.எஸ். 1963இல் இந்த நகரத்துக்கு வந்தது.

அரசியலமைப்பைப் புரட்டினால் இதன் அடித்தளம் தெரியும். 106ஆம் பிரிவும் 195ஆம் பிரிவும் உறுப்பினர்களின் சம்பளத்தையும் படிகளையும் அந்தந்த அவையே சட்டம் இயற்றி முடிவு செய்துகொள்ளலாம் என்கின்றன. பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமை என்கிறது 47ஆம் பிரிவு. ஆனால் அது நெறிமுறைக் கோட்பாடுகளின் பகுதியில் இருப்பதால், 37ஆம் பிரிவின்படி அதை வைத்து எந்த நீதிமன்றத்திலும் நேராக உரிமை கோர முடியாது. உறுப்பினரின் மருத்துவம் சட்டம். குடிமகனின் மருத்துவம் நெறிமுறை.

வேலையோடு போன அட்டை

பாண்டுப்புக்குத் தமிழர் வந்து சேர்ந்தது ஆலைகளைத் தேடி. லால் பகதூர் சாஸ்திரி சாலையை ஒட்டி சியட் டயர், ஏசியன் பெயின்ட்ஸ், ஜி.கே.டபிள்யூ. என்று வரிசையாகக் கம்பெனிகள். மஸ்டர் பதிவேட்டில் பெயர் ஏறினால் ஈ.எஸ்.ஐ.; உடம்புக்கு முடியாவிட்டால் பக்கத்திலிருக்கும் முலுண்ட் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை. அந்தத் தலைமுறை அந்த அட்டையைப் பெரும் மரியாதையோடு பேசியதில் நியாயம் இருந்தது. சட்டப்படி கேட்டு வாங்கக்கூடிய மருத்துவம் அவர்களுக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வெளியேறினார்கள்; பலர் திரும்பவே இல்லை. வேலை போனதும் சந்தா நின்றது, சந்தா நின்றதும் அட்டை செல்லாமல் போனது. பின்னாளில் ஜி.கே.டபிள்யூ. போன்றவை மூடப்பட்டபோது பாண்டுப்பிலும் அதே கதை. மகன்கள் சிறு பட்டறைகளுக்கும் ஒப்பந்த வேலைக்கும் சொந்தத் தள்ளுவண்டிக்கும் போனார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அன்று ஈ.எஸ்.ஐ. கிடையாது. ஊதிய வரம்பு 2017 முதல் மாதம் 21,000 ரூபாய். ஒரு ரூபாய் கூடினாலும் புதிதாகச் சேர முடியாது.

உறுப்பினரின் வசதி இப்படி எதோடும் கட்டப்படவில்லை. தேர்தலில் தோற்றாலும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சந்தா கட்டி சி.ஜி.எச்.எஸ்.ஸில் தொடரலாம். வெளிநோயாளிச் சிகிச்சைக்கும் மாத்திரைக்கும் அதில் இடமுண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு இத்தனைதான் என்ற உச்சவரம்பும் இல்லை.

தலைவர்கள் எங்கே போனார்கள்

1924 ஜனவரி 12 அன்று, எரவாடா சிறைக்கைதியான காந்திக்கு புனே சாசூன் அரசு மருத்துவமனையில் கர்னல் மேடக் குடல்வால் அறுவை செய்தார். நடுவில் மின்சாரம் போனது. டார்ச்சும் கைவிட, அரிக்கேன் விளக்கில் அறுவை முடிந்தது. அவர் பிழைத்தார். இருட்டில் அறுவை அன்றும் நடந்தது என்று சொல்ல இதை எழுதவில்லை. நாட்டின் மிக முக்கியமான மனிதருக்கு அன்று கிடைத்தது ஓர் அரசு மருத்துவமனையின் மேசை. நூறாண்டு கழித்து பாண்டுப்பில் மின்சாரம் போனபோது அந்த மேசையில் படுத்திருந்தது, போக வேறு இடமில்லாத ஒருத்தி. இடைப்பட்ட காலத்தில் முக்கியமானவர்கள் எல்லோரும் அந்த மேசையை விட்டுப் போய்விட்டார்கள்.

போன தடம் தமிழருக்குத் தெரிந்ததுதான். முதலமைச்சர் அண்ணா 1968இல் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நியூயார்க் போனார். எம்.ஜி.ஆர். 1984இல் சென்னை அப்பல்லோவிலிருந்து புரூக்ளினுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். முரசொலி மாறன் 2003இல் ஹூஸ்டனில் சிகிச்சை பெற்றார். மும்பையில் பிரதமர் வாஜ்பாயிக்கு 2000இலும் 2001இலும் பிரீச் கேண்டி மருத்துவமனையில் மூட்டு மாற்றப்பட்டது. மகாராஷ்டிர முன்னாள் முதலமைச்சர் விலாஸ்ராவ் தேஷ்முக் 2012இல் கல்லீரல் நோய்க்காக மும்பையிலிருந்து சென்னையின் தனியார் மருத்துவமனைக்கு வந்து அங்கேயே இறந்தார்.

உயிருக்குப் போராடும் மனிதர் தேடிப்போன மருத்துவத்தை நான் பழிக்கவில்லை. பிரதமர் மன்மோகன் சிங் 2009 ஜனவரியில் இதய அறுவையை டெல்லி எய்ம்ஸ் என்ற அரசு நிறுவனத்திலேயே செய்துகொண்டார். ஆனால் கத்தி பிடித்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் மும்பை ஏசியன் ஹார்ட் மருத்துவமனையின் ரமாகாந்த் பாண்டா. அரசுக் கூரைக்குள் வந்தபோதும் சாதாரண நோயாளிக்குக் கிடைப்பது வேறாகவே இருந்தது.

வெள்ளை அட்டைக்கு வந்த திட்டம்

2012 ஜூலை 2 அன்று மும்பை உட்பட எட்டு மாவட்டங்களில் ராஜீவ் காந்தி ஜீவன்தாயீ ஆரோக்கியத் திட்டம் என்ற மாநிலக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2013இல் மாநிலம் முழுவதும் பரவி, 2017இல் மகாத்மா ஜோதிராவ் புலே பெயரைப் பெற்றது. மஞ்சள், ஆரஞ்சு ரேஷன் கார்டுக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். மருத்துவமனையில் திட்டத்தின் உதவியாளரான ஆரோக்கியமித்ராவின் மேசையில் கார்டையும் ஆதாரையும் கொடுத்தால், அவர் கணினியில் அனுமதி கேட்பார்.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஆரஞ்சு கார்டின் வருமான வரம்பு ஆண்டுக்கு ஒரு லட்சம், அதாவது மாதம் எட்டாயிரத்துச் சொச்சம். பாண்டுப் டேம்பிபாடாவில் எட்டுப் பேர் கொண்ட பட்டறையில் மாதம் பன்னிரண்டாயிரம் வாங்கும் ஒருவர் விதிப்படி வெள்ளை அட்டைக்காரர். காப்பீட்டுத் திட்டத்துக்கு அவர் வசதியானவர், ஈ.எஸ்.ஐ.க்கோ பட்டறை சிறியது. இரண்டுக்கும் நடுவே விழுந்தவருக்கு மாநகராட்சியின் கேஸ் பேப்பர் மட்டுமே மிச்சம். ரேஷன் கார்டை இன்னும் திருநெல்வேலியிலேயே வைத்திருக்கும் குடும்பத்துக்கு மகாராஷ்டிரத் திட்டத்தின் கதவு அன்று திறக்கவே இல்லை.

2023 ஜூன் இறுதியில் அமைச்சரவை எல்லா நிற கார்டுகளுக்கும் திட்டத்தை விரித்து, தொகையை ஐந்து லட்சமாக்க முடிவு செய்தது. 2024 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. போர் குழுவுக்குப் பிறகு இந்த மாநிலத்தில் நடந்த மிகப் பெரிய கொள்கை மாற்றம் இது என்பது என் மதிப்பீடு. காகித அளவிலாவது, ரேஷன் கார்டு வைத்திருக்கும் அமைச்சரும் பட்டறைத் தொழிலாளியும் முதன்முறையாக ஒரே திட்டத்துக்குள் வந்தார்கள். ஆனால் உறுப்பினரின் மருத்துவச் செலவைக் கருவூலம் திருப்பித் தரும் பழைய வழி அப்படியே இருக்கிறது. அது திறந்திருக்கும்வரை புதிய திட்டத்தின் குறைகள், முக்கியமாக வெளிநோயாளி மருந்துச் செலவு பெரும்பாலும் அதற்குள் வராதது, எந்த உறுப்பினரின் வீட்டுக் கணக்கிலும் உறைக்காது.

அட்டையா, வாசலா

சமப்படுத்தும் முயற்சிகள் இரண்டு பாடம் தருகின்றன. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தில், செனட்டர் சக் கிராஸ்லியின் முயற்சியால், காங்கிரஸ் உறுப்பினர்களும் அவர்களது ஊழியர்களும் பொதுமக்களுக்கான காப்பீட்டுச் சந்தை வழியாகவே காப்பீடு வாங்க வேண்டும் என்ற விதி சேர்ந்தது. 2013இல் அவர்களுக்கு அரசு செலுத்தும் பங்குத்தொகை தொடரலாம் என்று நிர்வாகம் விளக்கம் கொடுத்தது. காங்கிரஸ் வளாகத்துக்குள்ளேயே 1928 முதல் இயங்கும் தனி மருத்துவ அலுவலகமும் தொடர்ந்தது. அட்டை ஒன்றானது, வாசல் ஒன்றாகவில்லை.

அலகாபாத் உயர் நீதிமன்றம் வாசலையே பிடித்தது. 2015இல் நீதிபதி சுதீர் அகர்வால், அரசுச் சம்பளம் பெறுவோரும் மக்கள் பிரதிநிதிகளும் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றார். 2018 மார்ச்சில் அவர் இடம்பெற்ற அமர்வு, அரசுப் பணத்தில் ஊதியம் பெறுவோர் அரசு மருத்துவமனையிலேயே சிகிச்சை பெற வேண்டும், தனியார் மருத்துவமனைச் செலவைத் திருப்பித் தரக் கூடாது என்றது. இரண்டும் நடைமுறையில் வேர்விடவில்லை. நீதிமன்றம் வெளியிலிருந்து போட்ட கட்டளையை நிறைவேற்ற வேண்டியவர்களே அதனால் பாதிக்கப்படுபவர்களாகவும் இருந்தார்கள்.

அமைச்சர் ஒருவர் மாநகராட்சியின் சயான் மருத்துவமனை வார்டில் படுத்தால் காவலர்கள் சூழ்ந்து மற்ற நோயாளிகள் அவதிப்படுவார்கள் என்ற மறுப்பு வலுவானது. அதனால் தனி அறை, தனி வரிசை கூடாது என்பதும் விதியோடு சேர வேண்டும். சொந்தப் பணத்தில் தனியார் மருத்துவமனைக்குப் போகும் உறுப்பினரைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. கருவூலத்தின் கதவை மூடத்தான் சட்டத்தால் முடியும்.

அதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. தன் வசதியைத் தானே தீர்மானிக்கும் அதிகாரத்தை 195ஆம் பிரிவு அவைக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. சாதாரணப் பெரும்பான்மையில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தினால் போதும்: உறுப்பினருக்கும் குடும்பத்துக்கும் மாநிலக் காப்பீட்டுத் திட்டமும் அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளும் மட்டுமே, வேறெந்தச் செலவும் திருப்பித் தரப்படாது. 1976ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் கீழ் வரும் முன்னாள் உறுப்பினர்களையும் இதில் சேர்க்க வேண்டும். பெருஞ்செலவு நோய்கள் பெரும்பாலும் முதுமையில்தான் வருகின்றன. அவர்களை விட்டுவிட்டால் இன்றைய உறுப்பினர் தம் பதவிக்காலம் முடியும்வரை காத்திருப்பார், பாண்டுப்பின் மகப்பேறு மருத்துவமனைக்கு ஜெனரேட்டர் கேட்டு அவையில் எழ வேண்டிய அவசரம் அவருக்கு அப்போதும் வராது.