சத்தம் புகாத அறை

முதலில் ஒரு சின்ன ஒப்புதல். எனக்கு 23 வயதாகிறது. ஆனாலும் பக்கத்துக் கட்டிலில் யாராவது மிக்சர் தின்றால் என்னால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. பஸ் ஹாரன், கல்யாண வீட்டு ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்வேன். பல்லில் கடிபடும் அந்தச் சின்ன சத்தம் மட்டும் நெஞ்சைப் படபடக்க வைக்கும், கோபம் தலைக்கேறும். "இவ்ளோ பெரிய ஆளாயிட்டு இதுக்கெல்லாமாடா?" என்று ஹாஸ்டலில் கேட்காதவர்கள் இல்லை.

இதனால்தானோ என்னவோ, போன செமஸ்டரில் 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பா பேப்பருக்காகப் படித்தபோது தாமஸ் கார்லைலின் புத்தகங்களைவிட அவருடைய காது என்னை அதிகம் இழுத்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கார்லைல் 1795-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1837-இல் வெளிவந்த பிரெஞ்சுப் புரட்சி வரலாறுதான் அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. 1834 முதல் 1881-இல் இறக்கும் வரை லண்டன் செல்சியில், செய்ன் ரோ என்ற தெருவில் வாழ்ந்தார். தெருவில் போகும் வண்டி, பக்கத்து வீட்டுப் பியானோ, நாய், கிளி எல்லாமே அவருக்கு எதிரிகள். முதல் எதிரி, பக்கத்து வீட்டுச் சேவல். "சேவல் ராத்திரியில் ஒன்றிரண்டு தடவைதானே கூவுகிறது?" என்று கேட்டதற்கு, அது எப்போது கூவும் என்று காத்திருப்பதுதான் பெரிய வேதனை என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. இந்த நோய் இருப்பவர்களுக்கு அந்தப் பதில் நன்றாகப் புரியும். மிக்சர் பாக்கெட் திறக்கும் சத்தம் கேட்டதுமே எனக்குப் பாதிப் படிப்பு போய்விடும்!

1853-இல், 57 வயதில், கார்லைல் ஒரு முடிவுக்கு வந்தார். பிரஷ்ய மன்னர் பிரெடரிக் பற்றிய பெரிய வரலாற்றை எழுத வேண்டும், அதற்கு அமைதி வேண்டும். வீட்டின் உச்சியில் சத்தமே புகாத ஓர் அறை கட்டுவது என்று தீர்மானித்தார். சுவருக்குள் சுவராக இரட்டைச் சுவர்கள். தெருவைப் பார்த்து ஜன்னல் கிடையாது, வெளிச்சத்துக்குக் கூரையில் கண்ணாடி. செலவு சுமார் 170 பவுண்ட், அந்தக் காலத்தில் பெரிய தொகை. இதில் வேடிக்கை என்னவென்றால், சத்தத்தைத் தடுக்கக் கட்டிய அறையால் பல மாதம் வீடு முழுக்க சுத்தியல் சத்தமும் தூசியும்தான்.

சரி, கட்டி முடித்த பிறகாவது நிம்மதி கிடைத்ததா? இல்லை. தெருச் சத்தம் குறைந்தது உண்மை. ஆனால் அதுவரை காதில் விழாத தூரத்துச் சத்தங்கள், ஆற்றுப் பக்கத்து ஒலிகள், ரயில் விசில், மணியோசை எல்லாம் கூரை வழியாக இறங்கி வந்தன. அறையில் அமைதி கூடக் கூட, மிச்சமிருந்த சத்தம் பெரிதாகக் கேட்டது. அங்கே உட்கார்ந்துதான் பிரெடரிக் வரலாற்றின் 6 தொகுதிகளையும் (1858-1865) எழுதினார் என்றாலும், வேலை முடிந்ததும் அந்த அறையைக் கைவிட்டார். பிறகு அது வேலைக்காரப் பெண் படுக்கும் அறையானது.

அப்படியானால் சேவல் பிரச்சினையை யார் தீர்த்தது? அவர் மனைவி ஜேன். வரலாற்றுப் புத்தகங்களில் ஓரமாக வரும் இந்த ஜேன்தான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமானவர். சுவருக்கு 170 பவுண்ட் செலவழித்த அதே 1853-இன் கடைசியில், அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் பேசி எழுத்திலேயே ஓர் ஒப்பந்தம் வாங்கினார். கோழியோ பெரிய கிளியோ வளர்க்கக் கூடாது, மீறினால் 10 பவுண்ட் அபராதம். 1865-இல் இன்னொரு சேவல் வந்தது. அப்போது பக்கத்து வீட்டுச் சின்னப் பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு சேவலை அடக்கினார். அடுத்த வருடம் ஜேன் இறந்துவிட்டார். அவரும் தலைவலியாலும் தூக்கமின்மையாலும் வாடியவர்தான் என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

அதே லண்டனில், அதே நோயோடு இன்னொருவர் வேறு வழியில் போனார். கணினியின் முன்னோடி என்று நாம் படிக்கும் சார்லஸ் பாபேஜ்தான் அவர். அவருடைய எதிரி தெருவில் ஆர்கன் பெட்டியைச் சுற்றி வாசிப்பவர்கள். அவர்களில் பலர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். பாபேஜ் கணக்குக்காரர் ஆயிற்றே, சுமார் மூன்று மாதத்தில் 165 இடையூறுகள் என்று பட்டியலே போட்டார். தன் உழைப்புச் சக்தியில் கால் பங்கு இதனால் நாசமானது என்று எழுதினார். போலீஸைக் கூப்பிட்டார், கோர்ட்டுக்குப் போனார்.

1864-இல் மைக்கேல் பாஸ் என்ற எம்.பி. கொண்டுவந்த தெரு இசைச் சட்டம் நிறைவேறியது. அதற்கு ஆதரவாகச் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கடிதத்தில் நம் கார்லைலும் கையெழுத்துப் போட்டிருந்தார். வேலைக்கு இடைஞ்சல் என்று சொன்னாலே வாசிப்பவர் நகர்ந்துபோக வேண்டும் என்றானது. பாபேஜுக்கு என்ன மிஞ்சியது? தெருவில் இறங்கினால் 100 பேருக்கு மேல் திட்டிக்கொண்டே பின்னால் வந்த நாட்கள் உண்டு. ஒருவர் அவரை வெறுப்பேற்றவே தினமும் அரை மணி நேரம் ஜன்னல் வழியாகத் தகர விசில் ஊதினார். சத்தத்தை எதிர்த்துப் போராடியவருக்கென்றே புதிய சத்தம் பிறந்தது.

இன்றைய மருத்துவத்தில் இதற்குப் பெயர்கள் உண்டு. சாதாரண அளவுச் சத்தமே தாங்க முடியாத அளவு உரக்கக் கேட்பது ஹைபராகுசிஸ். மெல்லுதல், மூக்குறிஞ்சுதல் மாதிரி குறிப்பிட்ட சத்தங்கள் மட்டும் கோபத்தையோ அருவருப்பையோ கிளப்புவது மிசோபோனியா. அமெரிக்காவில் ஜாஸ்ட்ரெபோஃப் தம்பதி இந்தப் பெயரை வைத்தது 2001-இல்தான். நிபுணர்கள் கூடி ஒரு பொது வரையறை வெளியிட 2022 ஆகிவிட்டது. கார்லைலுக்கும் பாபேஜுக்கும் இதில் எது இருந்தது என்று இன்று நாம் முத்திரை குத்த முடியாது.

ஆனால் அந்த அறை ஏன் தோற்றது என்பதற்கு ஒரு பதில் கிடைக்கிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் நல்ல காதுள்ள சிலரை இரண்டு வாரம், கிட்டத்தட்ட நாள் முழுக்க, காதடைப்பான் போட்டுக்கொள்ள வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குச் சத்தம் முன்பைவிட உரக்கக் கேட்டது. மெல்லிய இரைச்சல் எப்போதும் கேட்கும்படி இருந்தவர்களுக்கு இதற்கு நேர்மாறு. அமைதி அதிகமானால் மூளை ஒலியளவைத் தானே கூட்டிக்கொள்கிறது போலும். அதனால்தான் ஹைபராகுசிஸ் உள்ளவர்களிடம் நாள் முழுக்கக் காதை அடைத்து வைக்க வேண்டாம் என்கிறார்கள். வெடிச்சத்தம், மெஷின் சத்தத்துக்குக் காதைப் பாதுகாப்பது வேறு விஷயம், அது அவசியம்.

நானும் இரண்டு மாதம் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் திரிந்தேன். முடிவில் கைக்கடிகார முள் நகர்வது கேட்க ஆரம்பித்தது. என்னுடைய 170 பவுண்ட் அறை அது :-)

இதைப் படித்த பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. என் வீட்டில் ஜேன் யார்? யோசிக்கவே தேவையில்லை, அம்மாதான். நான் படிக்க உட்கார்ந்தால் டிவியை அணைப்பது, தம்பியை "மெதுவா சாப்பிடுடா" என்று அதட்டுவது, பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவுவது எல்லாம் அம்மா. வருடக்கணக்காக நடந்ததை நான் கவனித்ததே இல்லை. வீடு அமைதியாகத் தானே இருக்கிறது என்று நினைத்திருந்தேன். போன வாரம் போனில் இதைச் சொன்னேன். "போடா, இதெல்லாம் ஒரு வேலையா" என்று சிரித்துவிட்டார்.

ஹாஸ்டலில் இப்போது ஜேன் வழியைப் பிடித்திருக்கிறேன். ரூம்மேட்டிடம் உட்கார்ந்து பேசினேன். அவன் மேல் கோபம் இல்லை, என் காது இப்படி என்று முதல்முறையாகச் சொன்னேன். மிக்சரை வராந்தாவில் வைத்துக்கொள்கிறான். பதிலுக்கு அவனுடைய இங்கிலீஷ் அசைன்மென்ட்டை நான் திருத்தித் தருகிறேன். ஃபேன் ஓடட்டும், அதன் இரைச்சல் நல்லதுதான். சில நாள் அவன் மறந்துபோய் அறையிலேயே கொறிக்கிறான், எனக்குப் படபடக்கத்தான் செய்கிறது. ஆனால் எப்போது பாக்கெட் திறக்குமோ என்று காத்திருப்பது மட்டும் நின்றுவிட்டது.

செய்ன் ரோ வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. என்றாவது லண்டன் போக வாய்த்தால் அந்த மாடி அறையில் நின்று என்ன கேட்கிறது என்று பார்க்க ஆசை.