நொதியும் உடலின் காவற்படையும்

திருவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவோர் பாலை அடுப்பிலேற்றி நெடுநேரம் சுண்டக் காய்ச்சுவர். அதே பாலைக் காய்ச்சி ஆற்றிச் சிறிது உறைமோர் இட்டு வைத்தால், மேலும் தீ வேண்டாமலே விடிவதற்குள் தயிராகிவிடுகிறது. உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள் தம்மிடமுள்ள நொதிகளைக் கொண்டு அம்மாற்றத்தைச் செய்கின்றன. என்சைம் என்று அறிவியலார் வழங்குவது இந்நொதியையே. நம் உடலில் நோயை எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்கள் பிறப்பதும் பெருகுவதும் அடங்குவதும் நொதிகளின் செயலாலேயே. இவ்வுண்மை துலங்கிய வரலாற்றில், சென்னையில் பயின்ற ஒருவருக்குத் தனியிடம் உண்டு.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது, காந்தியடிகளின் அறைகூவலை ஏற்று, அறுவை மருத்துவ வகுப்பிற்குக் கதர் அங்கி அணிந்து சென்றார். அதனால் பேராசிரியரின் சினத்திற்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, எல்.எம்.எஸ். என்னும் குறைந்த சான்றே கிடைத்தது. பருத்தியும் நூலுமே வாழ்வாகக் கொண்ட இராசபாளையத்தார்க்கு இச்செய்தி தனிச் சுவையுடையது.

பின்னர் அமெரிக்கா சென்ற சுப்பாராவ், 1940-இல் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அவர் தலைமையில் இயங்கிய குழுவினர் 1945-இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். அதனை ஒத்த அமினோப்டெரினையும் உருவாக்கினர். உயிரணு இரண்டாகப் பிரிய, போலிக் அமிலத்தை ஒரு நொதி பக்குவப்படுத்தித் தர வேண்டும். அமினோப்டெரினோ, பூட்டிற்குள் சிக்கிய மாற்றுச் சாவிபோல் அந்நொதியை முடக்கிவிடும். வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காது பெருகும் இரத்தப் புற்றுநோயால் வாடிய 16 குழந்தைகளுக்கு, பாஸ்டன் மருத்துவர் சிட்னி பார்பர் இதனை அளித்தார். 10 குழந்தைகள் தேறினர். எனினும் அத்தேற்றம் நிலைக்கவில்லை. 1948 சூனில் அந்த ஆய்வுரை வெளிவந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார். ஆயினும், மருந்துக்கு மசியாதெனக் கைவிடப்பட்டிருந்த நோயில் ஒரு வழி திறந்துவிட்டது.

நொதியை அடக்கினால் படை அடங்கும், நொதியே இல்லாவிடில்? 1972-இல் எலோயீஸ் கிப்ளெட் என்னும் அமெரிக்க மருத்துவர் அதற்கு விடை கண்டார். நோயெதிர்ப்பாற்றலே இன்றிப் பிறந்த இரு குழந்தைகளிடம் அடினோசின் டிஅமினேசு என்னும் நொதி இல்லை. அது இல்லாமையால் நச்சுப்பொருள் தேங்கி, வெள்ளணுக்களுள் ஒருவகையான நிணநீரணுக்களை வளருமுன்னரே அழித்துவிடுகிறது. 1990-இல் முதன்முதலாக மரபணு மருத்துவம் இக்குறைபாட்டிற்கே செய்யப்பட்டது.

அடினோசினுக்கு வேறொரு பணியும் உண்டு. வெள்ளணுவின் மேற்புறத்திலுள்ள ஏற்பியைத் தொட்டு, 'அடங்குக' என்று குறிப்புணர்த்தும் தூதும் அதுவே. அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட்டைச் சிறிய அளவில் தந்தால், அடினோசின் மிகுந்து, தன் உடலையே தாக்கும் வெள்ளணுக்கள் அமைதியுறுகின்றன என அறிஞர் கருதுகின்றனர். முடக்குவாதத்திற்கு அம்மருந்து இன்றும் வழங்கப்படுகிறது.

இதனை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உண்ணுமாறு மருத்துவர் பணிப்பர். விரைவில் குணமாகட்டும் என நாள்தோறும் உண்பார்க்கு அதுவே உயிர்க்கேடாகும்; காக்கும் படையும் உடன் அழியும். வீட்டில் முதியோர்க்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் இளைஞர்கள் இதனை மறவாதிருத்தல் வேண்டும். பெரும்படையை நடத்துவது சிறு நொதியே. அதனைத் தொடும் கை அளவறிந்து தொட வேண்டும்.