தெருமுனையில் நிற்கும் மீன்பாடி வண்டிகள்



சென்ற பொதுக்குழுவில் நம் கடைசித் தெருவின் முனையில் நிறுத்தப்படும் மீன் வண்டிகளைப் பற்றிக் காரசாரமாகப் பேசினோம். வாடை, காலை நேர இரைச்சல், கார் நிறுத்த இடமில்லாமை எல்லாம் சொல்லப்பட்டன. ஒரு நாள் ஆம்புலன்ஸ் திரும்ப முடியாமல் தவித்ததும் உண்மை. மாநகராட்சிக்கு மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "நீங்க பேங்க்ல இருந்தவர், லெட்டர் நல்லா டிராஃப்ட் பண்ணுவீங்க" என்றார் செயலாளர்.

எண்ணிக்கை தெரியாமல் எழுதுவது பழைய குமாஸ்தாவுக்கு ஒத்துவராது. எனவே ஒரு வாரம் விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே போய் நின்றேன். மனு இன்னும் போகவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் கரையில் நெடுங்காலம் வண்டிக்கே வேலை இருக்கவில்லை. நம் மீனவர்களின் கலம் கட்டுமரம். ஆங்கிலேயர் 'கேட்டமரான்' என்று எடுத்துக்கொண்டது நம் சொல்லைத்தான். கனமில்லாத மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போவார்கள். திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே தோளில் தூக்கி வந்து மணலில் காயவைப்பார்கள். நீர் ஊறிய மரம் மிதக்காது, ஆகவே காயவைப்பது கட்டாயம். வலை பருத்தி நூலில் ஆனது. மட்கிப் போகாமலிருக்க மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து, தினமும் உலர்த்த வேண்டும். ஒரு கழியில் தொங்கவிட்டு இருவர் தூக்கினால் வலை வீடு போய்ச் சேர்ந்துவிடும். மீன் பெண்களின் தலைக்கூடையில் ஊருக்குள் போகும்.

சுமை கூடியதற்கு முதல் காரணம் கடல் தள்ளிப் போனது. 1870-களில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கினார்கள். கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அதன் சுவர்கள் தடுத்தன. துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப் போனது. நாம் ரசிக்கும் அகன்ற மணற்பரப்பு, வலை சுமப்பவருக்குக் கூடுதல் நடை.

இரண்டாவது காரணம் நைலானும் இயந்திரமும். 1952-இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் கேரளக் கரையில் மீன்பிடிப்பை இயந்திரமயமாக்கத் தொடங்கியது. அந்தக் காற்று மெல்ல நம் பக்கமும் வீசியது. நைலான் வலை மட்காது என்பதால் ஒருவரே பல வலைகள் வைத்துக்கொள்ள முடிந்தது. 1979-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டு, துறைமுகம் இல்லாமல் மணலிலேயே கரையேறக்கூடிய படகுகளைச் சோதித்துப் பார்த்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. கட்டுமரம் அரிதாகிவிட்டது. ஃபைபர் படகை அவிழ்த்துத் தோளில் தூக்க முடியாது. சில குப்பங்களில் டிராக்டர் வைத்து இழுக்கிறார்கள். அதோடு இன்ஜின், எண்ணெய் கேன், ஐஸ் பெட்டி, மூட்டை மூட்டையாக வலை என்று சாமான்கள் வேறு. முன்பு இரண்டு தோள்கள் செய்த வேலைக்கு இப்போது மூன்று சக்கரம் தேவைப்படுகிறது.

அந்த மூன்று சக்கரம்தான் மீன்பாடி வண்டி. 'பாடி' என்பது லாரிக்குப் 'பாடி கட்டுகிறோம்' என்கிறோமே, அதே சொல். முன்னால் இரு சக்கரத்தின் மேல் பலகைத் தட்டு, பின்னால் மிதிப்பவர். மீனுக்காகப் பெயர் பெற்றாலும் கம்பி, தண்ணீர்க் குடம், கல்யாணப் பாத்திரம் எல்லாம் ஏற்றியது.

இந்த வண்டியோடு எனக்கு நேரடிப் பழக்கம் உண்டு. 1980-களில் நான் கடன் பிரிவில் குமாஸ்தா. 1972-இல் மத்திய அரசு கொண்டுவந்த டி.ஆர்.ஐ. என்ற வேறுபட்ட வட்டித் திட்டத்தில், ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் கொடுத்தோம். வண்டி, வலை, தையல் இயந்திரம் என்று பலதுக்கும் விண்ணப்பம் வரும். ஆயிரம் ரூபாய்க்கு வருடத்துக்கு 40 ரூபாய் வட்டி. அதே ஆயிரத்தைத் தண்டல்காரரிடம் வாங்கினால், கையில் 900 கொடுத்துவிட்டுத் தினம் 10 ரூபாயாக 100 நாள் வசூலிப்பார். கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 70 சதவீதத்தைத் தாண்டும். வண்டியின் பக்கவாட்டில் எங்கள் வங்கியின் பெயரைப் பெயின்டில் எழுதினால்தான் கடன் கோப்பு முழுமையாகும்.

அப்போது ஒரு வண்டிக்காரர் மாதாமாதம் தவணை கட்ட வருவார். நோட்டுகளில் மீன் வாடை அடிக்கும். கவுண்டரில் இருந்த நாங்கள் அவரை ஓரமாக நிற்கச் சொல்லி, கடைசி ஆளாகத்தான் கூப்பிடுவோம். அதை முதலில் செய்தவன் நான்தான். அவர் ஒரு தவணை கூடத் தவறவில்லை. கடன் முடிந்த அன்று ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு பழைய ஸ்கூட்டர் இன்ஜினைப் பொருத்தி ஓட்டும் வழக்கம் வந்தது. பதிவு எண் கிடையாது, காப்பீடு கிடையாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி அது குற்றம்தான். விபத்தில் அடிபட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இழப்பீடு கிடைக்க வழியில்லை என்பது சிறிய விஷயமல்ல. அதை நான் நியாயப்படுத்தவில்லை.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். ஒரு வாரம் எண்ணியதில் அதிகபட்சம் பதினோரு வண்டிகள். அவற்றில் இன்ஜின் வைத்தவை நான்கு. என் மனுவின் முதல் வரைவில், "வண்டிகளைக் கடற்கரை மணலில் நிறுத்திக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தேன். அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் அதையே கேட்டேன்.

"நீங்களே தள்ளிப் பாருங்க சார்" என்றார்.

தள்ளினேன். தார் முடிந்து நாலடி போவதற்குள் சக்கரம் பாதி புதைந்துவிட்டது. சைக்கிள் டயர் ஒல்லி. முழுப் பாரமும் அந்தச் சிறு இடத்தில் அமுங்குவதால் மணல் தாங்குவதில்லை. "வெறும் வண்டியே இப்படி. லோடு ஏத்துனா என்ன ஆவறது? அதனாலதான் சார், தாரு முடியற எடத்துல வுட்டுட்டுத் தலையில தூக்கினு போறோம்" என்றார்.

"மற்ற வழிகள் இல்லையா, ஐயா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு சார். மூணு வழி. ரெண்டு வழி உங்க காம்பவுண்டுக்குள்ள பூடுச்சு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சங்க அலுவலக பீரோவில் நம் பழைய மனை வரைபடத்தைத் தேடி எடுத்தேன். கிழக்குப் பக்கம் மூன்று நடைபாதைகள் கோடு போட்டுக் காட்டப்பட்டுள்ளன. ஒன்று இப்போது நம் குழந்தைகள் பூங்காவின் சுவர். இன்னொன்றின் மேல் நம் ஜெனரேட்டர் அறை நிற்கிறது. நாம் யாரும் தெரிந்து செய்ததல்ல. ஆனால் நெரிசல் எப்படி வந்தது என்று மனுவில் எழுதினால், இதையும் எழுதியாக வேண்டும்.

1985-இல் மெரினாவை அழகுபடுத்த, கட்டுமரங்களையும் வலைகளையும் அங்கிருந்து அப்புறப்படுத்த அரசு முயன்றது. எதிர்ப்பு வலுத்து, துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். பெரியவர் அதை நேற்று நடந்தது போலச் சொன்னார். 2011-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மீன் உலர்த்தும் இடம், இறங்குதளம் போன்ற மீனவர்களின் பொதுச் சொத்துகளை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று சொன்னது. கரைக்குப் போகும் வழி இல்லாமல் கரையை மட்டும் குறித்து என்ன பயன்?

அடுத்த கூட்டத்தில் நான் வைக்க விரும்பும் யோசனைகள் எளிமையானவை. தெருவின் வடக்கு ஓரத்தில் பதினோரு வண்டிக்கு வெள்ளைக்கோடு போடுவோம். ஆம்புலன்ஸ் திரும்பும் இடத்தில் வண்டியும் நிற்கக் கூடாது, நம் கார்களும் நிற்கக் கூடாது. நான் எண்ணிய நாட்களில் அந்த இடத்தில் தினமும் இரண்டு கார்களாவது நின்றன. கழுவுவதற்கு ஒரு தண்ணீர்க் குழாய் போட்டால் வாடை பாதி குறையும். இன்ஜின் வண்டி வைத்திருப்பவர்கள் பதிவு செய்யக்கூடிய வாகனத்துக்கு மாற விரும்பினால், வங்கி விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். அதற்குக் கட்டணம் கிடையாது. பழைய பாக்கி ஒன்று இருக்கிறது.

பூங்காச் சுவரில் ஒரு சிறு கதவு திறக்கலாமா என்பதையும் பேச வேண்டும். வரைபடத்தின் நகல் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. கூட்டத்துக்கு வருமுன் அனைவரும் ஒருமுறை பார்த்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.