கருங்கல்லுக்குள் காக்காப்பொன்

செஞ்சிக் கோட்டை என்றவுடன் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் தேசிங்குராஜன் கதையும் நினைவில் முந்திக்கொண்டு வருவது இயல்பே. ஆயினும் அக்கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவ்வட்டாரத்துப் பாறைகளைத் தவத்துக்குரிய ஸ்தலங்களாகக் கொண்ட சமண சமூகம் ஒன்று இன்றளவும் அங்கே வாழ்ந்து வருகிறது என்பதைப் பலர் அறியார். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்களும், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறும் பழங்கல்வெட்டும் உள்ளன. மேல்சித்தாமூரிலோ, தமிழ்நாட்டுத் திகம்பர சமணரின் குருபீடமாகிய ஜினகாஞ்சி மடமும், பார்சுவநாதர் ஆலயமும், பாகுபலி முதலியோரின் புடைப்புச் சிற்பங்களைத் தாங்கிய பாறையையே மூலஸ்தானமாகக் கொண்ட மலைநாதர் ஆலயமும் அமைந்திருக்கின்றன.

இவ்வட்டாரத்துக் கருங்கல்லில் புதிதாக உடைந்த துண்டு ஒன்றை வெயிலில் திருப்பிப் பார்த்தால், வெளிறிய மணிகளுக்கிடையே கரும்புள்ளிகள் சில பளிச்சிடும். அவை கரும் அப்பிரகம், பேச்சுவழக்கில் காக்காப்பொன், கனிமநூலார் பயோடைட் என்பர். பேனாக்கத்தியின் முனையால் நெம்பினால் அது ஏடு ஏடாகப் பிரியும். பிரிந்த ஏட்டை வளைத்தால் வளைந்து, விட்டால் நிமிரும். சிலிக்காவும் அலுமினியமும் இரும்பும் மக்னீசியமும் சேர்ந்து இறுகிய படலங்களைப் பொட்டாசியம் மட்டுமே தளர்வாகப் பிணைத்திருப்பதே இதற்குக் காரணம். இரும்பு மிகுந்தால் நிறம் கறுக்கும். மக்னீசியம் மிகுந்தால் பழுப்பாகும். நெடுங்காலம் மழைநீர் ஊறும்போது பொட்டாசியம் கரைந்து வெளியேற, ஏடுகள் பொன்னிறமடைந்து பருத்து, அண்டையிலுள்ள மணிகளை நெம்பித் தள்ளுகின்றன. அசையாததென்று நாம் எண்ணும் கருங்கல் பரல்மணலாக உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இப்பொருளை நம் முன்னோர் கவனியாது விட்டாரல்லர். திகம்பர சமணரின் ஒழுக்கநூலாகிய மூலாசாரம், பிருதிவிகாயிகம் எனப்படும் மண்ணுடல் உயிர்களை வகைப்படுத்துமிடத்து, உப்பு, தாளகம், பவளம் முதலியவற்றோடு அப்பிரகப் படலத்தையும் அப்பிரக மணலையும் தனித்தனியே எண்ணுகிறது. ஏடாக இருப்பதும் மணலாக உதிர்ந்ததும் ஒன்றே என்று விட்டுவிடாமல் இரண்டாகப் பிரித்தது, துறவி எதை மிதிக்கலாகாது, எதைத் தோண்டலாகாது என்ற அகிம்சைக் கணக்கின் நுட்பத்தால் விளைந்தது.

ரசவாத நூலார் கேட்ட கேள்வியோ வேறு. தீயிலிட்டால் அப்பிரகம் என்ன செய்கிறது என்று பார்த்து அதனை நான்காக வகுத்தனர்: ஏடுகள் விரிந்து பிரிவது பிநாகம், பாம்பெனச் சீறுவது நாகம், தவளைபோல் துள்ளுவது மண்டூகம், எம்மாற்றமும் அடையாதது வஜ்ரம். மருந்துக்கு உரியது வஜ்ரமே. கரும் அப்பிரகமாகிய பயோடைட்டையே அது குறிக்கும் என்பது இக்கால ஆய்வாளர் பலரின் கருத்து. இப்பாகுபாட்டைக் கற்பனையென்று தள்ளுவதற்கில்லை. திருப்பத்தூர் வட்டாரத்துச் சேவாத்தூரில் வெட்டியெடுக்கப்படும் வெர்மிகுலைட், நீரை உட்கொண்டு மாறிய அப்பிரகமே. சூடேற்றினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி ஏடுகளைத் தள்ள, அது புழுப்போல் நெளிந்து பன்மடங்கு பருக்கிறது. ஆகவே பண்டை வைத்தியரின் அக்கினிப் பரீட்சை, நீர் புகுந்து கெட்ட சரக்கை நல்ல சரக்கினின்று பிரிக்கும் சோதனையாகவும் பயன்பட்டிருக்கும் எனலாம். தேர்ந்த அப்பிரகத்தை நெல்லோடு சேர்த்துக் கம்பளியில் முடிந்து, மூன்று நாள் காடியில் ஊறவைத்து, கையால் கசக்கிப் பிழிந்தால், நெல்லின் முனைகள் ஏடுகளைக் கிழிக்க, நுண்மணலாக அது வெளிவரும். தானியாப்பிரகம் என்பது அதுவே. செஞ்சிப் பாறையில் மழை யுகக்கணக்கில் செய்யும் வேலையை வைத்தியர் மூன்று நாளில் முடித்தார்.

ஐரோப்பியர் ஒளியைக் கொண்டு ஆராய்ந்தனர். அப்பிரகத்தினூடே ஒளி செல்லும் விதத்தைப் பரிசோதித்த பிரெஞ்சு விஞ்ஞானி பியோவின் பெயரை, 1847இல் ஜெர்மானியராகிய ஹவுஸ்மன் இக்கனிமத்துக்குச் சூட்டினார். பெயர் நிலைத்தாலும், 1998இல் அது தனிக் கனிமம் அன்று, பல கனிமங்கள் அடங்கிய ஒரு வரிசை என்று முடிவாயிற்று.

வணிகத்தில் மட்டும் கரும் அப்பிரகத்துக்குப் பெருமதிப்பு இருந்ததில்லை. பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர்ச் சீமையின் வெள்ளை அப்பிரகம் மின்தடுப்புத் தகடாகக் கப்பலேறிற்று. இரும்பு கலந்த கரும் அப்பிரகம் அவ்வேலைக்கு உதவாது. மினுமினுப்பு மிகுந்த மணலைச் சாந்துக்கு ஆகாதென்று கொத்தனாரும் ஒதுக்கிவிடுவார். பெருவிலை பெறாத இப்பொருளையும் உயிரென்றும் மருந்தென்றும் ஒளியென்றும் மூன்று மரபுகள் மூன்று விதமாக வகுத்தறிந்தன. அவற்றுள் ஒன்றை மட்டும் அறிவென்றும் ஏனையவற்றை நம்பிக்கையென்றும் நம் பள்ளிகள் கற்பிப்பது நியாயமன்று. மூன்றையும் ஒருங்கே வைத்துக் கற்பிப்பதே முறை.